திரையின் அளவை அறிந்தவர் யார்? லினக்ஸில் வரைகலை இயக்கி, தெளிவுத்திறன் சிக்கல்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

திரை தன் இயல்பான தெளிவுத்திறனில் ஒளிராமை, கணினி தொடங்கியதும் திரை கறுத்துப்போதல், வரைகலை அட்டைக்குரிய இயக்கி கிடைக்காமை ஆகியவை லினக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கக் காலம் முதல் பயனர்களை வருத்திவந்த சிக்கல்களாகும். கட்டற்ற மென்பொருளின் முதிர்ச்சிக் குறைவுக்கு இவை சான்றாகக் காட்டப்படுவது வழக்கம். திரையையும் அட்டையையும் பற்றிய தொழில்நுட்ப அறிவு எவர் கையில் இருந்தது, அது எவ்வெப்போது இடம்பெயர்ந்தது என்னும் வினாவின் வழியே இச்சிக்கல்களை அணுகுகிறது இக்கட்டுரை. 1992 முதல் 2022 வரையிலான முப்பதாண்டுகளில் அவ்வறிவு பயனரிடமிருந்து திரைக்கும், அட்டையின் பயாஸுக்கும், கெர்னலுக்கும், இறுதியாக உற்பத்தியாளரின் ஃபர்ம்வேருக்கும் நகர்ந்ததையும், ஒவ்வொரு நகர்வும் தனக்கே உரிய பழுதை விட்டுச்சென்றதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், எக்ஸ் சாளர அமைப்பு, மோட்லைன், ஈடிஐடி, கெர்னல், வரைகலை இயக்கி, தெளிவுத்திறன்.

முன்னுரை

1920×1080 படப்புள்ளிகள் கொண்ட திரை ஒன்றைக் கணினியுடன் இணைக்கிறோம். லினக்ஸ் தொடங்குகிறது. எழுத்துகள் பருத்தும் மங்கலாகவும் தோன்றுகின்றன. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் அங்குள்ள மிகப்பெரிய அளவு 1024×768. லினக்ஸைப் பயன்படுத்திய பலருக்கும் இக்காட்சி புதிதன்று. ஆனால் இவ்வெண் ஏன் 1024×768 என அமைகிறது? ஏன் 1152×864 ஆகவோ 1280×720 ஆகவோ அமைவதில்லை?

விடை கெர்னலின் மூலநிரலிலேயே இருக்கிறது. இணைக்கப்பட்ட திரை தன்னைப் பற்றிய விவரத்தைத் தெரிவிக்கவில்லையெனில், 1024×768 வரையிலான பொது அளவுகளை மட்டும் பட்டியலில் சேர்க்குமாறு அங்கு நிரல் எழுதப்பட்டுள்ளது. எந்தத் திரையாயினும் இவ்வளவையேனும் தாங்கும் என்னும் எச்சரிக்கையான ஊகமே இவ்வெண். எனவே 1024×768 என்பதைப் பழுதின் பெயராகக் கொள்வதினும் அறியாமையின் அளவாகக் கொள்வது பொருத்தமாகும். கணினிக்குத் திரையைப் பற்றி எதுவும் தெரியாதபோது அது இவ்விடத்தில் வந்து நிற்கிறது.

அறிந்திருக்க வேண்டியவர் யார் என்பதே இதனைத் தொடர்ந்து எழும் வினா. இவ்வினாவுக்கு முப்பதாண்டுகளில் ஐந்து வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. பழுதுநீக்கும் முறைகளாக இன்று கூறப்படுபவை அவ்விடைகளின் எச்சங்கள் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

எக்ஸ் சாளர அமைப்பும் தனியாள் கணினியும்

லினக்ஸின் திரை வரலாறு லினக்ஸுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் சாளர அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அதன் பதினோராம் வடிவமான எக்ஸ்11 1987 செப்டம்பரில் வெளியானது. அக்காலத்து எக்ஸ் பெரும்பாலும் பணிநிலையக் கணினிகளில் இயங்கியது. அவற்றில் அட்டையும் திரையும் ஒரே நிறுவனத்தால் இணைத்து விற்கப்பட்டன. எந்த அட்டைக்கு எந்தத் திரை என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டமையால் தெளிவுத்திறன் பயனரின் கவலையாக இருக்கவில்லை.

இன்டெல் 386 செயலி கொண்ட தனியாள் கணினிகளில் நிலைமை வேறு. ஒரு கடையில் வாங்கிய அட்டையும் மற்றொரு கடையில் வாங்கிய திரையும் ஒரே மேசையில் சந்தித்தன. தாமஸ் ரோல் எழுதிய எக்ஸ்386 என்னும் சேவையகம் 1991இல் எக்ஸ்11இன் ஐந்தாம் வெளியீட்டில் இடம்பெற்றது. அதனைத் திருத்தி மேம்படுத்த முனைந்த சிலர் 1992இல் எக்ஸ்ஃப்ரீ86 திட்டத்தைத் தொடங்கினர். ஆங்கில ஒலிப்பில் 'எக்ஸ் த்ரீ எய்ட்டி சிக்ஸ்' என்பதைச் 'எக்ஸ் ஃப்ரீ எய்ட்டி சிக்ஸ்' எனத் திருப்பிய சிலேடையே அப்பெயர். லினக்ஸுக்கும் எக்ஸ் 1992இன் முற்பகுதியிலேயே வந்து சேர்ந்தது. அன்று முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு லினக்ஸில் வரைகலை என்றால் எக்ஸ்ஃப்ரீ86 என்றே பொருள்.

மோட்லைன்: பயனர் அறிந்திருக்க வேண்டிய காலம்

எக்ஸ்ஃப்ரீ86க்குத் தன் முன்னுள்ள திரையைப் பற்றி ஏதும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் அன்று இல்லை. ஆகவே அது பயனரைக் கேட்டது. அமைப்புக் கோப்பில் பயனர் எழுத வேண்டியிருந்த வரிகளுள் தலையாயது மோட்லைன். அதன் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1024×768 அளவுக்கு, நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் வீதத்திற்கு, வழக்கமாகத் தரப்படும் எண்கள் இவை: 65.00, பின்னர் 1024 1048 1184 1344, பின்னர் 768 771 777 806.

முதல் எண் படப்புள்ளிக் கடிகாரத்தின் வேகம், அதாவது நொடிக்கு 6.5 கோடிப் புள்ளிகள். அடுத்த நான்கும் ஒரு கிடைவரியின் அமைப்பைக் கூறுவன. கண்ணுக்குத் தெரியும் பகுதி 1024 புள்ளிகள். 1048இல் ஒத்திசைவுத் துடிப்பு தொடங்கி 1184இல் முடிகிறது. வரியின் முழு நீளம் 1344. எஞ்சிய 320 புள்ளிகளின் நேரம் எதற்கென்றால், கேத்தோடு கதிர்க் குழாயின் எலக்ட்ரான் கற்றை திரையின் வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்புவதற்கு. செங்குத்துத் திசையிலும் இவ்வாறே. 6.5 கோடியை 1344ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 48,363 வரிகள், அதாவது 48.4 கிலோஹெர்ட்ஸ் கிடை அதிர்வெண். அதனை 806ஆல் வகுத்தால் 60 ஹெர்ட்ஸ். இக்கணக்கு திரை தாங்கும் எல்லைக்குள் அடங்குகிறதா என்பதைப் பயனர் திரையுடன் வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து அறிய வேண்டும். கையேடு தொலைந்திருந்தால் ஊகிக்க வேண்டும்.

ஊகம் தவறினால் விளைவு சிறியதன்று. அக்காலத்துத் திரைகள் பலவற்றில் எல்லை மீறிய அதிர்வெண்ணைத் தடுக்கும் காப்பு இல்லை. கற்றையைத் திருப்பும் சுற்றுகள் சூடேறிக் கெடக்கூடும். எரிக் ரேமண்டின் பெயருடன் லினக்ஸ் ஆவணத் திட்டத்தின் வழியாகப் பரவிய திரை நேரக்கணக்குக் கையேடு இவ்வாபத்தைக் கூறி எச்சரித்த பின்னரே கணக்கைக் கற்பிக்கத் தொடங்குகிறது. ஓர் இயங்குதளத்தின் பயன்பாட்டுக் கையேடு வன்பொருள் எரிந்துபோகலாம் என்று தொடங்குவது மென்பொருள் வரலாற்றில் அரிது.

அட்டையின் பக்கமும் இத்தகையதே. பல அட்டைகள் குறிப்பிட்ட சில கடிகார வேகங்களை மட்டுமே தந்தன. அவை எவை என்பதைச் சேவையகத்தைச் சோதனைமுறையில் இயக்கிக் கண்டறிந்து, அவ்வெண்களை வரிசை மாறாமல் கோப்பில் எழுத வேண்டும். அட்டைச் சில்லுக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சேவையகம் இருந்தது. எஸ்3 சில்லுக்கு ஒன்று, மாக்64க்கு மற்றொன்று, பொதுவான எஸ்விஜிஏ அட்டைகளுக்கு வேறொன்று. தவறான சேவையகத்தை நிறுவியவர் முதலில் பழுதைத் தேடியது மோட்லைனில். உண்மைப் பழுதோ அதற்கு ஒரு படி முன்னதாகவே இருந்தது.

இக்காலத்தை வெறும் துன்பக் காலமாகச் சித்திரிப்பது எளிது. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். மோட்லைனை எழுதக் கற்ற பயனர், தம் திரையை எந்த நிறுவனத்தின் அனுமதியுமின்றித் தாம் விரும்பிய அளவில் இயக்கினார். உற்பத்தியாளர் பட்டியலில் இல்லாத அளவுகளையும் எல்லைக்குட்பட்டு அவரால் உருவாக்க முடிந்தது. அறிவு அவரிடம் இருந்தமையால் அதிகாரமும் அவரிடமே இருந்தது. பின்வந்த ஒவ்வொரு வசதியும் இவ்வதிகாரத்தில் ஒரு பகுதியைக் கேட்டுப் பெற்றது.

அட்டை உற்பத்தியாளர்களின் மௌனமும் இக்காலத்திலேயே தொடங்குகிறது. 1990களின் முற்பகுதியில் டயமண்ட் நிறுவனம் தன் அட்டைகளின் கடிகாரங்களை நிரல்படுத்தும் விவரத்தைத் தரவில்லை. எக்ஸ்ஃப்ரீ86 ஆவணங்கள் அவ்வட்டைகளை ஆதரிக்கப்படாதவை என வெளிப்படையாகவே குறித்தன. பின்னர் அந்நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு ஒத்துழைத்தது. விற்கப்பட்ட பொருளின் இயக்கமுறை விற்றவரின் மறையாக இருக்கலாமா என்னும் வழக்கு அதனோடு முடிந்துவிடவில்லை.

திரை தானே பேசத் தொடங்கியது

1994இல் வீசா என்னும் வரைகலைத் தர நிர்ணய அமைப்பு, திரை தன் விவரத்தைக் கணினிக்குத் தெரிவிக்கும் வழியை வகுத்தது. விஜிஏ இணைப்பியின் 12ஆம், 15ஆம் முனைகள் இதற்கென ஒதுக்கப்பட்டன. திரைக்குள் இருக்கும் சிறிய நினைவகச் சில்லில் 128 பைட் அளவுள்ள ஈடிஐடி என்னும் தரவுத் தொகுதி எழுதப்பட்டிருக்கும். உற்பத்தியாளர் குறியீடு, திரையின் நீள அகலம், அது ஏற்கும் அளவுகள், விரிவான நேரக்கணக்குகள் ஆகியவை அதில் அடங்கும். இந்நேரக்கணக்குகள் மோட்லைனின் எண்களே. பயனர் கையேட்டிலிருந்து எடுத்து எழுதியவற்றைத் திரை இப்போது தானே ஒப்புவித்தது.

2000 மார்ச்சில் வெளியான எக்ஸ்ஃப்ரீ86 4.0 பல சேவையகங்களை ஒழித்து, ஒரே சேவையகமும் தேவைக்கேற்ப ஏற்றப்படும் இயக்கிகளும் என்னும் அமைப்பைக் கொண்டுவந்தது. ஈடிஐடியைப் படிப்பதும் படிப்படியாக வழக்கமாயிற்று. 2004இல் உரிமமாற்றம் தொடர்பான பிளவுக்குப் பின் எக்ஸ்.ஆர்க் அப்பணியைத் தொடர்ந்தது. 2007இல் வந்த ரேண்டர் 1.2 நீட்சி, சேவையகத்தை நிறுத்தாமலேயே திரைகளைச் சேர்க்கவும் அளவை மாற்றவும் இடமளித்தது. அமைப்புக் கோப்பே தேவையில்லை என்னும் நிலை இக்காலத்தில்தான் உருவாகிறது.

எனினும் திரை பேசிய அனைத்தும் உண்மையாக இருக்கவில்லை. ஈடிஐடி நம்பகமற்றது என்பதற்கு லினக்ஸ் கெர்னலே சான்று தருகிறது. ஈடிஐடியைப் படிக்கும் கோப்பின் தொடக்கத்தில் ஒரு விதிவிலக்குப் பட்டியல் உள்ளது. குறிப்பிட்ட உற்பத்தியாளர் குறியீடும் மாதிரி எண்ணும் கொண்ட திரைகள் அதில் இடம்பெறுகின்றன. ஒன்று தன் நீள அகலத்தை மில்லிமீட்டருக்கு மாறாகச் சென்டிமீட்டரில் எழுதியிருக்கிறது. மற்றொன்றின் முதல் நேரக்கணக்கு தவறானது. வேறொன்றில் 60 ஹெர்ட்ஸில் உள்ள மிகப்பெரிய அளவையே தெரிவுசெய்ய வேண்டும். உலகின் எங்கோ ஒரு மூலையில் ஒரு பயனர் கறுத்த திரையின் முன் அமர்ந்து, 128 பைட்டையும் எடுத்து அனுப்பி, பழுதின் காரணத்தை உறுதிசெய்ததன் விளைவே இத்தகைய வரி. பழுதுநீக்கலின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இப்பட்டியலைவிடச் செறிவான ஆவணம் கிடைப்பது அரிது.

தரவு தவறாமலேயே தரநிலை தவறிய இடமும் உண்டு. 2000களின் பிற்பகுதியில் மடிக்கணினிகளில் 1366×768 என்னும் அளவு பரவலாயிற்று. ஈடிஐடியின் பொது அளவுகள் பகுதியில் அகலத்தைக் குறிக்க ஒரே ஒரு பைட் தரப்பட்டுள்ளது. அப்பைட்டின் மதிப்புடன் 31ஐக் கூட்டி 8ஆல் பெருக்கினால் அகலம் கிடைக்கும். எனவே 8ஆல் வகுபடாத எந்த அகலத்தையும் அதில் எழுத இயலாது. 1366ஐ 8ஆல் வகுத்தால் 170.75. விரிவான நேரக்கணக்குப் பகுதியில் 1366ஐ எழுத முடியும். ஆனால் எல்லாத் திரைகளும் அவ்வாறு செய்யவில்லை. மோட்லைன் கணக்கிடும் சிவிடி என்னும் கருவியிடம் 1366ஐக் கேட்டால் அது 1368 எனத் திருத்தி விடை தரும். 1360, 1368 என்னும் இரண்டுக்கும் இடையே அலைந்த பயனர்கள், இரு படப்புள்ளி பிசகியதால் மங்கிய எழுத்துகளைக் கண்டு இயக்கியைக் குறைகூறினர். முடிவில் 1368ஐக் கண்டால் 1366 எனக் கொள்க என்று ஒரு சிறு செயற்கூறு கெர்னலில் எழுதப்பட்டது. முழுமையாக ஆவணப்படுத்தப்பட்ட பொதுத் தரநிலையிலேயே இச்சிக்கல் பிறந்தமையால், மறைக்கப்பட்ட ஆவணங்களே அனைத்துக்கும் காரணம் என்னும் எளிய விளக்கத்தை நாம் ஏற்க இயலாது.

இடைநின்ற கருவிகளும் மௌனத்தை உண்டாக்கின. ஒரே திரையை இரு கணினிகளுக்குப் பகிரும் மாற்றுக் கருவிகள் சில, ஈடிஐடிக்குரிய கம்பிகளைக் கடத்துவதில்லை. மலிவான நீட்டிப்புக் கம்பிகளிலும் இக்குறை உண்டு. திரையும் அட்டையும் இயக்கியும் நலமாக இருக்க, முன்னுரையில் கண்ட 1024×768இல் கணினி வந்து நிற்கும்.

பயாஸ் பட்டியலில் இல்லாத அகலத்திரை

2000களின் நடுப்பகுதியில் 1280×800 போன்ற அகலத்திரை கொண்ட மடிக்கணினிகள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பலவற்றில் இன்டெல் 915 குடும்ப வரைகலை இருந்தது. இன்டெல் இயக்கி திறந்த மூலமாகக் கிடைத்தது. எனினும் அகலத்திரை 1024×768இலேயே ஒளிர்ந்தது.

காரணம், அவ்வியக்கி திரைமுறையைத் தானே அமைக்கவில்லை. அட்டையின் வீடியோ பயாஸிடம் அப்பணியை ஒப்படைத்தது. பயாஸோ தன்னுள் பொறிக்கப்பட்ட அளவுப் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே அமைக்கும். பல மடிக்கணினிகளின் பட்டியலில் அவற்றின் சொந்தத் திரையின் அளவே இல்லை. திரை தன் அளவைக் கூறியது. இயக்கியும் அதனைக் கேட்டது. கேட்டதை நிறைவேற்றுபவர் மட்டும் தம் பட்டியலைத் தாண்ட மறுத்தார்.

இதற்குப் பயனர் சமூகம் கண்ட தீர்வு 915ரெசொல்யூஷன் என்னும் சிறு நிரல். கணினி தொடங்கும்போது பயாஸின் படி நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கும். இந்நிரல் அப்படியினுள் புகுந்து, பயன்படாத ஓர் அளவை அழித்து அவ்விடத்தில் 1280×800ஐ எழுதிவிடும். சில்லில் எழுதப்பட்டது மாறாததால் ஒவ்வொரு தொடக்கத்திலும் இதனை மீண்டும் செய்ய வேண்டும். நூலகத்தின் அட்டவணையில் இல்லாத நூலைப் பெற, வேறொரு நூலின் அட்டையில் நாள்தோறும் பென்சிலால் பெயர் எழுதுவதை ஒத்தது இது. 2007இல் வெளியான இன்டெல் இயக்கியின் 2.0 வடிவம் பயாஸைக் கேளாமல் நேரடியாகப் பதிவேடுகளை நிரல்படுத்தத் தொடங்கியதும் அந்நிரலின் தேவை மறைந்தது.

இவ்வனுபவம் எல்லா இன்டெல் அட்டைகளுக்கும் பொருந்தவில்லை. 2008இல் வந்த ஜிஎம்ஏ 500 வரைகலையின் உட்கரு இமேஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. அதற்குத் திறந்த இயக்கி இல்லை. சிறுமடிக்கணினிகள் சிலவற்றில் அது இடம்பெற்றது. இன்டெல் என்னும் பெயரை நம்பி வாங்கியோர் ஏமாந்தனர். திரையை அதன் இயல்பான அளவில் ஒளிரச்செய்யும் அடிப்படை இயக்கி 2011இல்தான் கெர்னலின் முயற்சிப் பகுதிக்குள் வந்தது. முப்பரிமாண முடுக்கம் அதிலும் இல்லை.

கெர்னலுக்குள் திரைமுறை

அதுவரை எக்ஸ் சேவையகம் நிர்வாகி உரிமையுடன் இயங்கி, கெர்னலைச் சுற்றிக்கொண்டு அட்டையின் பதிவேடுகளை நேரடியாகத் தொட்டது. எழுத்துமுனையத்துக்குக் கெர்னலும், வரைகலைக்கு எக்ஸும் என ஒரே அட்டைக்கு இரு உரிமையாளர்கள். ஒருவர் விட்டுச்சென்ற நிலையை மற்றவர் அறியார். உறக்கநிலையிலிருந்து மீளும்போது திரை கறுத்திருப்பது, சேவையகம் வீழ்ந்தால் எழுத்துமுனையமும் சிதைவது ஆகியவை இவ்விரட்டை ஆட்சியின் விளைவுகள்.

2009 மார்ச்சில் வெளியான கெர்னல் 2.6.29இல், இன்டெல் அட்டைகளுக்குத் திரைமுறை அமைக்கும் பொறுப்பு கெர்னலுக்குள் வந்தது. அதே ஆண்டில் ரேடியானும், 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33இல் என்விடியா அட்டைகளுக்கான நூவோ இயக்கியும் பின்தொடர்ந்தன. இரட்டை ஆட்சி முடிவுற்றது.

ஆனால் புதிய பழுது புதிய இடத்தில் தோன்றியது. முன்பு எக்ஸ் தவறினால் எழுத்துமுனையமாவது மிஞ்சியது. இப்போது கெர்னலின் இயக்கி தவறினால் தொடக்கத்திலேயே திரை முழுதும் கறுத்தது. பழுதைக் காணும் கண்ணே பழுதாயிற்று. இதற்கென வந்ததே நோமோட்செட் என்னும் தொடக்க அளபுரு. திரைமுறையை அமைக்க வேண்டா, ஃபர்ம்வேர் அமைத்துவைத்ததை அப்படியே பயன்படுத்துக என்பது அதன் பொருள்.

பழுதுநீக்கும் அறிவுரைகளில் இதனினும் மிகுதியாகப் பரவியதும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் வேறொன்றில்லை எனலாம். நோமோட்செட் கணினியை நிறுவி முடிப்பதற்கான தற்காலிக ஊன்றுகோல். உரிய இயக்கியை நிறுவியதும் அதனை நீக்கிவிட வேண்டும். பலர் அதனைத் தொடக்கக் கோப்பில் நிலையாக எழுதிவிட்டனர். சில மாதங்களுக்குப் பின் அவர்களே தெளிவுத்திறனை மாற்ற முடியவில்லை என முறையிட்டனர். ஊன்றுகோலே தளையாயிற்று. இந்நிலையை அறிய ஓர் அடையாளம் உண்டு. எக்ஸ்ரேண்டர் கட்டளையின் விடையில் எச்டிஎம்ஐ, விஜிஏ என இணைப்பியின் பெயர் வராமல் 'டிஃபால்ட்' என்னும் பெயர் மட்டும் வருமாயின், அட்டைக்குரிய இயக்கி இயங்கவில்லை என்று கொள்ளலாம். அந்நிலையில் புதிய மோட்லைனை எத்தனை முறை சேர்த்தாலும் பயனில்லை. 1990களின் மருந்தை 2009க்குப் பிந்தைய நோய்க்குத் தரும் இப்பிழை, முறைகள் தம் காலத்தைக் கடந்தும் ஓதப்படுவதற்கு நல்ல சான்று.

ஆவணம் தந்தோரும் தராதோரும்

2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் வரைகலைச் சில்லுகளின் ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்துத் தரத் தொடங்கியது. ஆவணம் கிடைத்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதா? உடனே ஒரு கருத்துவேறுபாடு எழுந்தது. நோவெல் நிறுவனத்தார் முன்னெடுத்த ரேடியான்எச்டி இயக்கி, ஆவணத்தின்படி பதிவேடுகளை நேரடியாக நிரல்படுத்த விரும்பியது. மற்றோர் இயக்கியான ரேடியான், அட்டையின் நினைவகத்தில் உற்பத்தியாளரே எழுதிவைத்த ஆட்டம்பயாஸ் கட்டளைத் தொகுதியை இயக்குவதே நலம் எனக் கொண்டது. முன்னது அறிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் நெறி. பின்னது அட்டைக்கு அட்டை வேறுபடும் நுணுக்கங்களை உற்பத்தியாளரிடமே விடும் நெறி. வென்றது பின்னது. கெர்னலுக்குள் சென்ற இயக்கியும் ஆட்டம்பயாஸையே பயன்படுத்தியது. நடைமுறையில் அது தக்க முடிவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆயினும் பயாஸ் பட்டியலால் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அதனை ஐயுற்றதில் வியப்பில்லை.

என்விடியாவின் வழி வேறு. அது தன் மூடிய இயக்கியை லினக்ஸுக்குத் தந்தது, ஆவணத்தைத் தரவில்லை. எக்ஸில் இடம்பெற்ற என்வி என்னும் எளிய திறந்த இயக்கியின் மூலநிரலில் பதிவேடுகள் விளக்கமற்ற பதினாறடிமான எண்களாகவே நின்றன. மூலநிரல் திறந்திருந்தும் பொருள் மூடியிருந்தது. 2005ஆம் ஆண்டளவில் ஸ்டெஃபான் மார்ச்செசின் தொடங்கிய நூவோ திட்டம், மூடிய இயக்கி அட்டைக்கு அனுப்பும் எழுத்துகளைப் பதிவுசெய்து ஒப்பிட்டுப் பொருள் கண்டது. இப்பணிக்குப் பயன்பட்ட எம்எம்ஐஓட்ரேஸ் கருவி 2008இல் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. அறியாத மொழியின் கல்வெட்டைப் படிப்பதோடு இதனை ஒப்பிடலாம். வேறுபாடு ஒன்று: இங்கு எழுதியவர் உயிருடன் இருந்தும் பேச மறுத்தார்.

மூடிய இயக்கியைத் தெரிவுசெய்தோர்க்கு வேறு வகைப் பழுது. அவ்வியக்கியின் கெர்னல் கூறு ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் புதிதாகத் தொகுக்கப்பட வேண்டும். தொகுப்பு தவறினாலும், பாதுகாப்புத் தொடக்கம் செயலில் இருந்து அக்கூறு கையொப்பமின்றி இருந்தாலும், கெர்னல் அதனை ஏற்காது. நேற்று முழு அளவில் ஒளிர்ந்த திரை இன்று சுருங்கும். பயனர் எதையும் மாற்றியிருக்கமாட்டார். 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒளிப்படக் கருவியின் முன் அந்நிறுவனத்தை வசைச்சொல்லால் சாடியது உலகறிந்தது. அதன் பின்னும் நிலைமை இறுகவே செய்தது. 2014இல் வந்த மேக்ஸ்வெல் இரண்டாம் தலைமுறை முதல் அட்டையின் ஃபர்ம்வேருக்கு நிறுவனத்தின் கையொப்பம் கட்டாயமானது. நூவோ இயக்கியால் திரையை ஒளிரச்செய்ய முடிந்தது. அட்டையின் கடிகாரத்தை உயர்த்த முடியவில்லை.

2022 மேயில் என்விடியா தன் கெர்னல் கூறுகளின் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. அது டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் உரியது. அத்தலைமுறை முதல் அட்டையின் உள்ளேயே ஜிஎஸ்பி என்னும் தனிச்செயலி இருக்கிறது. முன்பு இயக்கி செய்த பணிகளில் பெரும்பகுதியை இப்போது அதில் இயங்கும் மூடிய ஃபர்ம்வேர் செய்கிறது. திறக்கப்பட்ட கதவின் பின்னிருந்த பொருள்களில் பல அதற்குள் உள்ளறைக்கு மாற்றப்பட்டிருந்தன. ஆயினும் கெர்னல் புதுப்பிப்பால் திரை சுருங்கும் பழைய பழுதைத் தீர்க்க இவ்வெளியீடு வழிகோலியது என்பதையும் மறுக்க இயலாது.

வேலண்டும் திரும்பி வந்த மோட்லைனும்

2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்டு, எக்ஸ் சேவையகம் என்னும் இடைநிலையையே நீக்கியது. 2016 நவம்பரில் ஃபெடோரா 25 அதனை இயல்பு அமைப்பாக ஏற்றது. வேலண்டில் திரைமுறையை மாற்றும் உரிமை சாளரங்களை ஒன்றிணைக்கும் மேலாளருக்கே உரியது. எக்ஸ்ரேண்டரால் புதிய மோட்லைனைச் சேர்க்கும் பழைய வழி அங்குச் செல்லாது.

அவ்வாறாயின் தவறான ஈடிஐடி கொண்ட திரையை வைத்திருப்பவர் என்ன செய்வார்? திருத்திய ஈடிஐடிக் கோப்பைத் தாமே உருவாக்கி, தொடக்க அளபுருவின் வழியே கெர்னலுக்குத் தர வேண்டும். அக்கோப்பு 128 பைட்டுகளால் ஆனது. விரிவான நேரக்கணக்கு 54ஆம் இடத்திலிருந்து தொடங்குகிறது. அதன் முதல் இரு பைட்டுகள் படப்புள்ளிக் கடிகாரத்தைப் பத்து கிலோஹெர்ட்ஸ் அலகில், சிறிய பைட் முன்னாக, பதினாறடிமானத்தில் குறிக்கின்றன. மோட்லைனில் 65.00 என எழுதப்பட்டது இங்கு 6500 ஆகி, 64 19 என இடம்பெறும். தொடர்ந்து 1024, அதன்பின் எஞ்சிய 320, ஒத்திசைவின் இடம், நீளம் என அதே எண்கள் பைட்டுகளாக அடுக்கப்படும். இறுதியான 128ஆம் பைட் சரிபார்ப்புக்குரியது. அனைத்துப் பைட்டுகளின் கூட்டுத்தொகையும் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிடில் கெர்னல் அக்கோப்பை ஏற்பதில்லை.